டிகேன்டரில் விஸ்கி எத்தனை நாள் இருக்கப் போகிறது?

நண்பன் ஒருவன் போன மாதம் ஒஹாயோவில், கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே, புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினான். அடுத்த வாரமே போன். "மாப்ளே, ஹால் மூலையில சின்னதா ஒரு பார் போட்டுட்டேன். மேல வைக்க நல்ல டிகேன்டர் ஒண்ணு வேணும். நீதான் வீடு பூரா வாங்கி அடுக்கி வச்சிருக்கியே, எதை வாங்கலாம் சொல்லு." டிகேன்டர் என்றால் மதுவைப் பாட்டிலிலிருந்து மாற்றி ஊற்றி, மேசையில் வைத்துப் பரிமாறும் மூடி போட்ட அலங்காரக் குடுவை. வீடு பூரா என்பது என் மனைவி கிளப்பிவிட்ட வதந்தி. என்னிடம் இருப்பது மொத்தம் பதினேழு. அதில் நான்கு, பேஸ்மென்ட்டில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கின்றன.

மூன்று படங்களை அனுப்பியிருந்தான். முதலாவது, பழம்பொருள் கடையில் பார்த்த கனமான கட் கிளாஸ் (வெட்டுவேலை செய்த கண்ணாடி) டிகேன்டர், 45 டாலர். இரண்டாவது, யாரோ ஒரு தாத்தா வீட்டு எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கும் விற்பனை) கிடைக்கிற பீங்கான் பறவை. பறவையின் தலையைத் திருகினால் மூடி, வயிற்றுக்குள் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி. மூன்றாவது, ஆன்லைனில் வரும் புதுச் சதுரக் கண்ணாடி, "ஈயம் இல்லாதது" என்று விளம்பரம்.

நான் திருப்பி ஒன்றுதான் கேட்டேன். "ஊத்துற சரக்கு அதுல எத்தனை நாள் இருக்கும்?"

"ஒரு பாட்டில் எனக்கு மூணு மாசம் ஓடும்டா."

எதை எதற்கு வாங்கலாம் என்பது அந்த மூன்று மாதத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அழகு, விலை, யார் செய்தது என்பதெல்லாம் பிறகுதான்.

முதலில் ஒரு பிரமையைக் கலைத்துவிடுகிறேன். டிகேன்டரில் ஊற்றினால் விஸ்கி ருசி கூடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. பழைய சிவப்பு வைனுக்கு அடியில் மண்டி தங்கும், அதைத் தெளிய வடித்தெடுக்க டிகேன்டர் வேண்டும். இளம் வைனுக்குக் காற்றுப் பட்டால் நல்லது. விஸ்கி பீப்பாயில் இருக்கும்வரைதான் முதிரும். கண்ணாடிக்குள் வந்தபின் அதன் வயது அங்கேயே நின்றுவிடுகிறது. தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடியோ முழுக்கக் காற்றடைப்பாக இருக்காது. நாளாக நாளாக வாசனை கழன்றுபோகும், சாராயச் சத்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்தால் நிறமும் வெளுக்கும். ஆக, டிகேன்டர் என்பது பரிமாறுகிற பாத்திரம். பாயசத்தை வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துத் தருகிற மாதிரி.

அது பிறந்ததும் அப்படித்தான். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மதுவைப் பீப்பாயாக வாங்கி நிலவறையில் வைப்பார்கள். மேசைக்கு வருவது டிகேன்டரில். எதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக வெள்ளித் தகட்டில் பெயர் செதுக்கி, சின்னச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டினார்கள். 1730கள், 1740கள் முதலே லண்டன் வெள்ளி வேலைக்காரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 1860-இல் அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் மளிகைக் கடைகளும் ஒற்றைப் பாட்டிலாக வைன் விற்கலாம் என்று அனுமதித்தது. காகித லேபிள் ஒட்டிய பாட்டில்கள் வீடுகளுக்குள் வந்தன, வெள்ளித் தாலிக்கு வேலை போயிற்று. இன்று டிகேன்டரை விட்டுவிட்டு அந்தத் தகடுகளை மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு. இடம் அடைக்காத பைத்தியம், எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமைதான்.

டான்டலஸ் என்று இன்னொரு வகை இருக்கிறது. மரச் சட்டத்துக்குள் இரண்டோ மூன்றோ கட் கிளாஸ் டிகேன்டர்கள் நிற்கும், மேலே ஒரு கம்பி பூட்டோடு குறுக்கே விழுந்திருக்கும். டிகேன்டர்கள் கண்ணுக்குத் தெரியும், மூடியைத் திறக்க முடியாது. லண்டனில் ஜார்ஜ் பெட்ஜமன் கம்பெனி 1880களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கியது. டான்டலஸ் என்பது கழுத்தளவு தண்ணீரில் நின்றும் ஒரு வாய் குடிக்க முடியாத கிரேக்கக் கதை ராஜாவின் பெயர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. அந்த வாய் வீட்டு வேலைக்காரர்களுடையது என்பதுதான் சங்கடம்.

சரி, அந்த 45 டாலர் கட் கிளாசுக்கு வருகிறேன். மூன்றில் என் மனசு போவது அதன்மேல்தான்.

1674-இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் தெளிந்த கண்ணாடி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், அடுத்த ஓரிரு வருஷத்தில் கலவையில் காரீய ஆக்சைடு சேர்த்தார். ஈயம் சேர்ந்த கண்ணாடி இளக்கமானது. சக்கரத்தில் வைத்து ஆழமாக வெட்டலாம், வெட்டிய முனைகளில் ஒளி உடைந்து வைரம் மாதிரி சிதறும். சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5 என்றால் இதற்கு 3-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வரும். கையில் எடுத்தால் கண் ஏமாந்தாலும் மணிக்கட்டு ஏமாறாது. நகத்தால் சுண்டினால் 'டங்'கென்று கேட்டு நிற்காமல் கோயில் மணி போல இழுத்துக்கொண்டு போகும். 1783-இல் பென்ரோஸ் குடும்பத்தார் அயர்லாந்தில் தொடங்கி, 1851-இல் மூடி, 1947-இல் மறுபடி உயிர்பெற்ற வாட்டர்ஃபோர்ட் இந்த ரகத்தில் பெரிய பெயர். 1952-இல் வந்த அவர்களுடைய லிஸ்மோர் வெட்டு வடிவம் இன்றும் அமெரிக்கக் கல்யாணப் பரிசுப் பட்டியல்களில் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி 24 சதவீதம் காரீய ஆக்சைடு இருந்தால் 'லெட் கிரிஸ்டல்', 30 சதவீதம் இருந்தால் 'ஃபுல் லெட் கிரிஸ்டல்'. பெயரிலேயே சொல்லித்தான் விற்கிறார்கள், நாம்தான் காதில் வாங்குவதில்லை.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும். "எங்க பாட்டி ஈயச் சொம்புலதான் ரசம் வச்சாங்க, தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாங்க" என்று நண்பனும் சொன்னான். அந்தச் சொம்பு வெள்ளீயம். பித்தளை அண்டாவுக்குப் பூசியதும் வெள்ளீயம்தான். டிகேன்டரில் இருப்பது காரீயம், அது வேறு உலோகம், நஞ்சு. கண்ணாடி, பூச்சு பற்றிப் பேசும்போது ஈயம் என்று நான் சொல்வதெல்லாம் அதைத்தான். இன்ன அளவு வரை உடம்புக்குப் பரவாயில்லை என்று சொல்ல ஒரு வரம்பே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அதே பாட்டிக்கு இன்னொன்றும் தெரியும். பூச்சு போன பித்தளையில் புளிக்குழம்பை ராத்திரி விட்டுவைக்க மாட்டாள். புளிப்பும் நேரமும் சேர்ந்தால் பாத்திரம் குழம்புக்குள் இறங்கும் என்ற அந்தச் சமையலறை அறிவுதான் இங்கேயும் வேண்டியது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராசியானோ, ப்ளம் இருவரும் 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட அளவுகள் இதை எண்ணில் காட்டுகின்றன. லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் ஈயத்தோடு உள்ளே போன போர்ட் என்ற இனிப்பு வைன், கிரிஸ்டல் டிகேன்டரில் நான்கு மாதம் இருந்தபின் 3,518 மைக்ரோகிராம் காட்டியது. நீண்ட காலம் கிடந்த வைன், ஸ்பிரிட் வகைகளில் உச்சம் 21,530. ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவில் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று விதி இருந்துவந்தது. அந்த நான்கு மாதப் போர்ட்டின் செறிவில் 60 மில்லி குடித்தால் சுமார் 210 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டு நிற்கிற தண்ணீரில் 14 லிட்டர் குடித்த கணக்கு. போர்ட்டின் புளிப்பு விஸ்கிக்குக் கிடையாது, அதனால் எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் மூன்று மாதம் வைத்துக் குடிக்க நினைக்கிறவன் இந்தத் திசையைப் பார்த்தால் போதும். அதே ஆய்வில், கிரிஸ்டல் கிளாசில் ஊற்றிய சில நிமிடங்களிலேயே ஈயம் இறங்கத் தொடங்கியதும் பதிவாகியிருக்கிறது. ஆக 'கொஞ்ச நேரம்தானே' என்பதும் பூஜ்யம் ஆகாது, மிகச் சிறியது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு கிரிஸ்டல் கிளாசில் ஜூஸ் ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் உடனே நிறுத்துங்கள்.

வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தால் ஈயம் எல்லாம் போய்விடும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. மேற்பரப்பில் இருப்பது கொஞ்சம் குறையும். கண்ணாடி முழுக்க நான்கில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு இருக்கும்போது மேலே கழுவி என்ன மிஞ்சும்?

என் வீட்டில் கட் கிளாஸ் சனிக்கிழமை சாயங்காலம் அலமாரியை விட்டு இறங்கும். விருந்தாளிகள் வருவதற்கு முன் ஊற்றுவேன், போனதும் மீதியைப் புனல் வைத்துப் பாட்டிலுக்கே திருப்பிவிடுவேன். டிகேன்டரைக் கழுவி, கவிழ்த்து, முழுக்க உலர்ந்தபின்தான் மூடி போடுவேன். ஈரத்தோடு மூடிவைத்தால் உள்பக்கம் பால் படர்ந்த மாதிரி மங்கும். 'நோய் பிடித்த கண்ணாடி' என்பார்கள். அது அழுக்கு இல்லை, கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, உள்ளே பாலிஷ் போடும் ஆளைத் தேடவேண்டும், அந்தக் கூலிக்கு இன்னொரு டிகேன்டர் வாங்கிவிடலாம். கடைக்காரர்கள் சிலர் உள்ளே தண்ணீரோ எண்ணெயோ தடவி மங்கலை மறைத்து வைப்பார்கள். நான் அப்படி ஒரு முறை ஏமாந்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து உலர்ந்ததும் குட்டு வெளிப்பட்டது. வெறும் கறையாக இருந்தால் ஒரு பிடி அரிசியும் வெதுவெதுப்பான வினிகரும் போட்டுக் குலுக்கினால் வந்துவிடும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இதற்குத் துப்பாக்கி ரவை போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். அதுவும் காரீயம்!

வாங்கும்போது மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பழைய கைவேலை டிகேன்டர்களில் மூடியின் தண்டிலும் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். இந்தக் கழுத்துக்கு இந்த மூடி என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பொருத்தியதன் அடையாளம் அது. எண் மாறியிருந்தால் யாரோ ஒருத்தர் வீட்டில் மூடி உடைந்து, இன்னொரு ஜோடியைப் பிரித்திருக்கிறார்கள். ஊற்றுகிறவனுக்கு அது பெரிய குறை இல்லை, சேகரிப்பவனுக்கு விலையைப் பாதியாகப் பேச ஒரு காரணம். மூடி இறுகிப்போனால் முறுக்காதீர்கள். விளிம்பில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, கழுத்துக்கு வெந்நீர்த் துணி சுற்றி, ஒரு ராத்திரி பொறுங்கள்.

இனி அந்தப் பறவை. இது முழுக்க அமெரிக்கக் கதை. 1950களில் போர்பன் கம்பெனிகளிடம் சரக்கு தேங்கிப்போனது. பண்டிகைக் காலத்தில் பரிசாக வாங்கவைக்க அழகழகான டிகேன்டரில் அடைத்து விற்றார்கள். ஜிம் பீம் 1955 முதல் ரீகல் சைனா ஆலையில் பீங்கான் டிகேன்டர்களைச் செய்து வாங்கியது. வாத்து, மீன், ஆடு என்று தொடங்கி கார், ரயில், அரசியல் கட்சிகளின் யானை, கழுதை வரை போயிற்று. ஒயில்டு டர்க்கி (காட்டு வான்கோழி) என்ற போர்பன் 1971 முதல் வான்கோழியாகவே வார்த்தது. மிசௌரியின் மெக்கார்மிக் மது ஆலை, பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இறந்தபின் அவர் உருவத்தில் டிகேன்டர் செய்து அடியில் இசைப்பெட்டி வைத்தது. 1960களிலேயே ஊருக்கு ஊர் சேகரிப்போர் சங்கங்கள், விலைப் புத்தகங்கள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகள். சிகாகோ ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியின் நூற்றாண்டுக்காக 1964-இல் பீம் செய்தது நூற்றுச் சொச்சம்தான், பொது விற்பனைக்கே வரவில்லை. பிறகு அதற்குப் போலிகளும் வந்தன.

அந்தச் சூட்டில், பிள்ளைகளின் காலேஜ் ஃபீசுக்கு ஆகும் என்று அலமாரி அலமாரியாக வாங்கி வைத்தவர்கள் உண்டு. எல்லாரும் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதுதான் வினை. உடையாமல், பெட்டியோடு, ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. பீம் 1992-இல் நிறுத்திக்கொண்டது. இப்போது எஸ்டேட் சேல்களில் காலி டிகேன்டர்கள் ஐந்து, பத்து டாலருக்குச் சீந்துவாரின்றி நிற்பதைப் பார்க்கிறேன். முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலங்காரத்துக்கு இதைவிட மலிவான, வேடிக்கையான பொருள் கிடையாது. என்னிடம் ஒரு பச்சை மீன் இருக்கிறது, பார்க்கிற குழந்தைகள் எல்லாம் முதலில் அதைத்தான் கேட்கும்.

ஆனால் இதில் ஊற்றிக் குடிக்கலாமா? என் பதில், வேண்டாம். பீங்கானின் மினுமினுப்புப் பூச்சில் ஈயம் சேர்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். உள்ளே எந்தப் பூச்சு, சரியாகச் சுடப்பட்டதா என்பது வெளியிலிருந்து தெரியாது. கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைப் பஞ்சை வைத்து மேலே தேய்க்கலாம், குறுகிய கழுத்து வழியே வயிற்றுக்குள் தேய்க்க முடியாது. கட் கிளாசையாவது ஒரு சாயங்காலம் பயன்படுத்தலாம் என்கிறேன். பீங்கான் பறவைக்கு அந்தச் சலுகைகூடக் கொடுக்க மாட்டேன்.

நண்பனுடைய பறவைக்குள் போர்பன் வேறு இருந்தது. "ஐம்பது வருஷப் பழசுடா!" என்று குதித்தான். ஐம்பது வருஷம் பீங்கானுக்குள் இருந்த போர்பன், முதிர்ந்த போர்பன் இல்லை. பீப்பாயில் எத்தனை வருஷம் இருந்ததோ அதுதான் அதன் வயது. இந்த ஐம்பது வருஷத்தில் அது செய்ததெல்லாம் பூச்சோடு பேசிக்கொண்டிருந்தது மட்டுமே. தக்கை உளுத்துப்போய், முத்திரை கிழியாமலே பாதி ஆவியாகியிருக்கும். பீங்கானில் உள்ளே பார்க்கவும் முடியாது, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டியதுதான். மூடியின்மேல் காகித வரி முத்திரை குறுக்கே ஒட்டியிருந்தால் 1985-க்கு முந்தையது. அடியில் கொள்ளளவு 750 மில்லி என்று இல்லாமல் 4/5 குவார்ட் என்றிருந்தால் 1980-க்கு முந்தையது. தேதி கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

சரக்கோடு கைமாற்றுவதில் சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாதவர் மதுவை விற்கக் கூடாது. கலைப்பொருள் என்ற பெயரில் முழு டிகேன்டர்களை விற்க விட்டுவந்த ஈபேயும் 2012-இல் கதவைச் சாத்தியது. கென்டக்கி 2018 முதல், உரிமம் பெற்ற கடைகள் தனியாரிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கி விற்கலாம் என்று சட்டம் செய்திருக்கிறது. ஒஹாயோவில் விஸ்கி போன்ற ஸ்பிரிட் வியாபாரமே மாநில அரசின் பிடியில். எஸ்டேட் சேல் நடத்துகிறவர்கள் பலர், வம்பு எதற்கு என்று சிங்க்கில் கொட்டிவிட்டுக் காலியாகத் தருகிறார்கள். கொட்டுகிற வாசனையில் நின்றிருக்கிறேன். மனசு பதறத்தான் செய்யும், ஆனால் இழப்பு என்று எதுவும் இல்லை.

மூன்றாவது, ஈயமில்லாப் புதுக் கண்ணாடி. இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈயத்துக்குப் பதிலாக பேரியம், துத்தநாகம், பொட்டாசியம், சிலவற்றில் டைட்டானியம் சேர்த்துப் பளபளப்பைக் கொண்டுவருகிறார்கள். மூன்று மாதம் என்ன, ஆறு மாதம் இருந்தாலும் பயமில்லை. மூடியில் சிலிகான் வளையம் இருப்பதாகப் பார்த்து வாங்கினால் வாசனையும் நிற்கும். சுண்டினால் அந்த நீண்ட மணியோசை வராது, கனமும் பாசாங்குதான். பூமி உருண்டைக்குள் கண்ணாடிக் கப்பல் மிதக்கிற வகை ஒன்று வருகிறதே, அதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். கப்பலைச் சுற்றிக் கழுவ எந்தப் பிரஷும் போகாது. எனக்குப் பரிசாக வந்ததுதான் மேலே சொன்ன அட்டைப்பெட்டிகளில் ஒன்றில் இருக்கிறது.

நான்காவதாக ஒன்றை அவன் படம் எடுத்து அனுப்பவில்லை. பாட்டிலையே பாரில் வைப்பது. திருகுமூடி போட்ட பாட்டில்தான் விஸ்கிக்கு இதுவரை கிடைத்ததில் நல்ல வீடு. என்ன குடிக்கிறோம் என்று லேபிளும் சொல்லும், வெள்ளித் தகடு வேண்டாம். சிங்கிள் மால்ட் மாதிரி உசத்தி விஸ்கி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நடுத்தர விலைப் போர்பனை மறைத்துப் பெரிய மனிதத் தோரணை காட்டத்தான் டிகேன்டர் உதவும். அதில் தப்பும் இல்லை, நானே செய்கிறேன்.

இத்தனையும் சொல்லி முடித்ததும், "அப்ப எதை வாங்க?" என்று மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்தான். தினமும் எடுத்து ஊற்ற ஒன்றே ஒன்றுதான் வேண்டுமென்றால் மூன்றாவது, மூடியைப் பார்த்து வாங்கு என்றேன். ராத்திரி மீதியைத் திருப்பி ஊற்ற உனக்குச் சோம்பல் இல்லையென்றால் முதலாவது, அதைத் தவறவிடாதே, ஆனால் 30-க்குப் பேசு. பறவையைச் சரக்கோடு வாங்காதே, காலியாகத் தந்தால் பத்துக்கு மேல் கொடுக்காதே.

கட் கிளாசை 35-க்கு முடித்துவிட்டான். மூடி, கழுத்து இரண்டிலும் 14 என்று கீறியிருந்ததாம், அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பறவையையும் விடவில்லை, காலியாக எட்டு டாலர். கிரகப்பிரவேசப் பரிசாக நான் இந்தியக் கடையில் ஒரு சின்ன எவர்சில்வர் புனல் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"மாப்ளே, நேத்து ராத்திரி திருப்பி ஊத்தாமத் தூங்கிட்டேன். இப்ப ஊத்தினாப் போதுமா?"

ஒரு ராத்திரிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, இப்போதே ஊற்று என்றேன். புனல் எந்த டிராயரில் என்று அவன் மனைவியிடம் கேட்கிற சத்தம் லைனில் கேட்டது.